சர்க்கரை புரதங்களைச் சிதைப்பதைத் தடுக்கும் மருந்துகள்: நோயாளிகளும் குடும்பத்தினரும் அறிய வேண்டியவை

இரண்டு உள்ளங்கைகளையும் மார்புக்கு நேராகச் சேர்த்து, கோயிலில் வணங்குவது போல் வைத்துப் பாருங்கள். விரல்களின் அடியிலிருந்து நுனிவரை இரு கைகளும் இடைவெளியின்றி ஒன்றோடொன்று படிய வேண்டும். விரல்கள் வளைந்தே நின்று, நடுவில் ஒளி புகும் அளவுக்கு இடைவெளி தெரிகிறதா? நீரிழிவு நோய் பல ஆண்டுகளாக இருப்பவர்களிடம் இவ்வாறு காணப்படுவதுண்டு. மருத்துவர்கள் இதை 'வணங்கும் கை அறிகுறி' என்று குறிப்பிடுவர். பெரும்பாலும் வலி இருக்காது. ஆகவே பலர் இதை வயதின் விளைவு என்று விட்டுவிடுகின்றனர்.

கூரம் உள்ளிட்ட காஞ்சிபுரம் சுற்றுவட்டாரத்தில் கைவிரல்களே பல குடும்பங்களின் வாழ்வாதாரம். தறியில் நாடா எறிவதற்கும், அறுந்த பட்டிழையை முடிவதற்கும், கோர்வைக் கரையில் இழைகளைச் சரியாக இணைப்பதற்கும் விரல்கள் தடையின்றி மடங்கி நீள வேண்டும். விரல்களை இவ்வாறு இறுகச் செய்யும் அதே நிகழ்வுதான் கண்ணின் வில்லையை மங்கச் செய்வதிலும், சிறுநீரக வடிகட்டிகளைத் தடிக்கச் செய்வதிலும், இரத்தக் குழாய்களை விறைக்கச் செய்வதிலும் பங்கு கொள்கிறது. இரத்தத்திலுள்ள சர்க்கரை உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொள்வதே அந்த நிகழ்வு. இதைக் கிளைக்கேஷன் என்பர்.

இந்த ஒட்டுதலைத் தடுக்கும் வேதிப்பொருள்கள் சுமார் 40 ஆண்டுகளாக ஆராயப்பட்டு வருகின்றன. 'சர்க்கரைச் சேதத்தைத் தடுக்கும் மாத்திரை' என்ற பெயரில் கடைகளில் விற்கப்படுபவற்றை வாங்குவதற்கு முன், அந்த ஆராய்ச்சிகள் எதைக் காட்டின என்பதை அறிந்துகொள்வது நல்லது.

சர்க்கரை புரதத்தோடு ஒட்டிக்கொள்வது எவ்வாறு?

பாலைச் சுண்டக் காய்ச்சிப் பால்கோவா கிளறும்போது அது வெண்மையிலிருந்து பழுப்பு நிறத்துக்கு மாறுவதைப் பார்த்திருப்பீர்கள். பாலிலுள்ள சர்க்கரை, பாலின் புரதத்தோடு வினைபுரிவதால் இந்த நிறமும் மணமும் உண்டாகின்றன. தோசையின் ஓரம் முறுகலாவதிலும் பெரும்பங்கு இதே வினைக்கு உண்டு. பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மேயார் இவ்வினையை 1912 ஆம் ஆண்டில் விவரித்தார். அடுப்பில் சில நிமிடங்களில் நடப்பது, 37 டிகிரி வெப்பமுள்ள நம் உடலில் வாரங்களாகவும் ஆண்டுகளாகவும் மெல்ல நடக்கிறது. இதற்கு எந்த நொதியும் தேவையில்லை. சர்க்கரையும் புரதமும் அருகருகே இருந்தால் போதும். சர்க்கரையின் அளவு கூடக் கூட, அது நீடிக்கும் காலம் கூடக் கூட, ஒட்டுதலும் கூடும்.

முதற்படியில், குளுக்கோஸ் மூலக்கூறு புரதத்திலுள்ள லைசின் போன்ற அமினோ அமிலத்தின் மீது தளர்வாகப் பற்றிக்கொள்கிறது. சில மணி நேரங்களில் நிகழும் இந்தப் பற்று நிலையற்றது. இரத்தச் சர்க்கரை குறைந்தால் குளுக்கோஸ் மீண்டும் பிரிந்து போய்விடும். அவ்வாறு பிரியாதவை, நாட்கள் செல்லச் செல்ல உள்ளமைப்பு மாறி, உறுதியான இரண்டாம் நிலையை அடைகின்றன. இதற்கு அமடோரி விளைபொருள் என்று பெயர். மூன்று மாதங்களுக்கு ஒருமுறை நீங்கள் செய்துகொள்ளும் எச்பிஏ1சி பரிசோதனை அளப்பது இந்த நிலையைத்தான். சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை விழுக்காட்டின் மீது சர்க்கரை ஒட்டியுள்ளது என்பதை அது கூறுகிறது. ஒரு சிவப்பணு ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்வதால், கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரி அதில் பதிவாகியிருக்கும். பரிசோதனைக்கு முந்தைய இரண்டு நாட்கள் மட்டும் உணவைக் குறைத்துக்கொண்டால் இந்த எண் ஏமாறாது.

மூன்றாம் நிலையே தீங்கானது. இரண்டாம் நிலைப் பொருள்கள் சிதைந்தும் ஆக்சிஜனேற்றம் அடைந்தும், மெத்தில்கிளையாக்சால் போன்ற மிகுந்த வினைத்திறனுள்ள சிறு மூலக்கூறுகளை வெளியிடுகின்றன. செல்கள் குளுக்கோஸைச் செரிக்கும்போதும் மெத்தில்கிளையாக்சால் உருவாகிறது. இவை அருகிலுள்ள புரதங்களைத் தாக்கி, முதிர்நிலைச் சர்க்கரை விளைபொருள்கள் எனப்படும் நிலையான சேர்மங்களை உண்டாக்குகின்றன. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைக் கொண்டு இவற்றை ஏஜிஇ என்று சுருக்கமாக அழைப்பர். இவற்றுள் சில, ஒரு புரத இழையையும் அடுத்த இழையையும் குறுக்கே பிணைத்துவிடுகின்றன. ஒருமுறை உருவான ஏஜிஇ, சர்க்கரை குறைந்தாலும் அந்தப் புரதத்தை விட்டு நீங்குவதில்லை. பல்லவர் காலத்துச் செப்பேடுகளால் அறியப்படும் ஊர் கூரம் என்பதால் அவ்வூர் வாசகர்களுக்கு இவ்வாறு சொல்லலாம்: முதல்நிலை மணலில் எழுதியது, மூன்றாம் நிலை செப்பேட்டில் வெட்டியது.

எந்த உறுப்புகள் அதிகம் பாதிக்கப்படும்?

இதற்கு விடை, அந்தந்த உறுப்பிலுள்ள புரதத்தின் ஆயுளைப் பொறுத்தது. விரைவில் அழிந்து புதிதாக உருவாகும் புரதத்தில் சேதம் சேர்வதற்குக் காலம் போதாது. நெடுங்காலம் நிலைத்திருக்கும் புரதத்தில் அது ஆண்டுதோறும் சேர்ந்துகொண்டே போகும். தோல், தசைநாண், மூட்டு உறை, இரத்தக் குழாய்ச் சுவர் ஆகியவற்றுக்கு உறுதி தரும் கொலாஜன் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும். கண் வில்லையின் நடுப்பகுதியில் உள்ள புரதங்களோ, நீங்கள் தாயின் வயிற்றில் இருந்தபோது உருவானவை. அவை வாழ்நாள் முழுதும் மாற்றப்படுவதில்லை.

தெருவில் நீளமாகப் பாவு விரித்துக் கஞ்சி தோய்ப்பதை அறிந்தவர்களுக்குக் கொலாஜனின் நிலையை விளக்குவது எளிது. கஞ்சி அளவாக இருந்தால் இழை உறுதி பெறும். மிகுந்துவிட்டால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டி, விறைத்து, தறியில் ஏறியதும் அறும். கொலாஜன் இழைகளுக்கிடையே சர்க்கரைப் பிணைப்புகள் மிகும்போது தசைநாணுக்கும் தோலுக்கும் நேர்வது ஏறத்தாழ இதுவே. வேறுபாடு என்னவென்றால், கஞ்சியை நீரில் அலசிவிட முடியும்.

விரல் இறுக்கம், மடக்கிய விரல் பூட்டிக்கொள்ளுதல், தோளை உயர்த்த முடியாமல் 'உறைந்த தோள்' உண்டாதல் ஆகியவை நீரிழிவு நோயாளிகளிடம் மற்றவர்களைவிட அதிகமாகக் காணப்படுவதற்கு இது ஒரு காரணம். கைகளில் இந்த மாற்றம் தெரிந்தால் கண்களையும் சிறுநீரகத்தையும் பரிசோதிக்கத் தாமதிக்க வேண்டாம். அதே ஆண்டுகளில் அதே சர்க்கரையில் நனைந்த புரதங்கள்தான் அங்கும் உள்ளன.

உடல் இந்தச் சேதத்தைக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பதில்லை. மெத்தில்கிளையாக்சாலைத் தீங்கற்ற பொருளாக மாற்றும் கிளையாக்சலேஸ் என்ற நொதி அமைப்பு செல்களில் இயங்குகிறது. இரண்டாம் நிலையில் ஒட்டிய சர்க்கரையைப் புரதத்திலிருந்து அகற்றும் நொதி ஒன்றும் உண்டு. சிதைந்த துண்டுகளைச் சிறுநீரகங்கள் வெளியேற்றுகின்றன. சிறுநீரகம் பழுதடைந்தால் இந்த வெளியேற்றம் குறைந்து, ஏஜிஇ இரத்தத்தில் தேங்குகிறது. தேங்கியவை சிறுநீரகத்தை மேலும் கெடுக்கின்றன.

தடுப்பு மருந்துகள்: எதிர்பார்ப்பும் முடிவும்

மூன்று நிலைகளில் நிகழும் ஒரு சேதத்தை மூன்று இடங்களில் தடுக்க முயலலாம். சர்க்கரை ஒட்டும் இடத்தை முன்கூட்டியே மூடிவிடலாம். இடையில் தோன்றும் வினைத்திறன்மிக்க மூலக்கூறுகளைப் பிடித்து அடக்கலாம். உண்டான குறுக்குப் பிணைப்புகளைப் பின்னர் அறுக்க முயலலாம். இம்மூன்றும் முயன்று பார்க்கப்பட்டன.

மிகுந்த நம்பிக்கையை ஏற்படுத்தியது அமினோகுவானிடின். இச்சிறு மூலக்கூறு, மெத்தில்கிளையாக்சால் போன்றவற்றைப் புரதத்தை அடையும் முன்பே தன்னோடு பிணைத்துக்கொள்கிறது. தன்னைப் பலியாகக் கொடுத்துப் புரதத்தைக் காக்கிறது என்று கூறலாம். நீரிழிவு உண்டாக்கப்பட்ட எலிகளுக்கு இதைக் கொடுத்தபோது, அவற்றின் பெருந்தமனிச் சுவரில் ஏஜிஇ சேர்வதும் கொலாஜன் குறுக்கே பிணைவதும் குறைந்தன என்று அமெரிக்காவின் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1986 இல் அறிவித்தனர். எலிகளின் இரத்தச் சர்க்கரை குறையவில்லை. சேதம் மட்டும் குறைந்தது. 'சர்க்கரை உயர்ந்திருந்தாலும் உறுப்புகளைக் காக்க முடியும்' என்ற எண்ணம் அங்கிருந்து பிறந்தது. இன்றும் பல விளம்பரங்கள் அந்த எண்ணத்தையே விற்கின்றன.

பின்னர் பிமாஜெடின் என்ற பெயரில் இம்மருந்து மனிதர்களுக்குக் கொடுத்துச் சோதிக்கப்பட்டது. முதல் வகை நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 690 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு 2004 இல் வெளியாயிற்று. சிறுநீரகச் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவு இருமடங்காக உயர்ந்தவர்கள், போலி மாத்திரை பெற்றவர்களில் 26 விழுக்காடு. மருந்து பெற்றவர்களில் 20 விழுக்காடு. இந்த வேறுபாடு தற்செயலாகவும் வந்திருக்கலாம் என்பதால் மருந்தின் பயன் உறுதியாகவில்லை. சிறுநீரில் வெளியேறும் புரதம் குறைந்தது உண்மை. ஆனால் அதிக அளவு மருந்து பெற்றவர்களில் மூவருக்குச் சிறுநீரகத்தையே தாக்கும் கடும் அழற்சி ஏற்பட்டது. இரண்டாம் வகை நீரிழிவு நோயாளிகளிடம் நடந்த மற்றோர் ஆய்வு, பாதுகாப்புக் குறித்த ஐயத்தால் இடையிலேயே நிறுத்தப்பட்டது. அமினோகுவானிடின் மருந்துக் கடைக்கு வரவே இல்லை.

இது ஏன் நேர்ந்தது என்பதை எண்ணிப் பார்ப்பது பயனுடையது. வினைத்திறன்மிக்க மூலக்கூறுகளைப் பிடிக்க வல்ல ஒரு பொருள், உடலுக்குத் தேவையான பிற மூலக்கூறுகளையும் பிடிக்கக்கூடும். அமினோகுவானிடின், இரத்தக் குழாய்களைத் தளர்த்தும் நைட்ரிக் ஆக்சைடை உண்டாக்கும் நொதியையும் தடுக்கிறது. எலியில் சில மாதங்களில் தெரியும் நன்மையை, மனிதரில் பத்து இருபது ஆண்டுகளாகச் சேர்ந்துவிட்ட சேதத்தின் மீது எதிர்பார்ப்பதும் கடினம்.

மற்ற முயற்சிகளைச் சுருக்கமாகக் கூறலாம். வைட்டமின் பி6 இன் ஒரு வடிவமான பிரிடாக்சமின், இரண்டாம் நிலைக்கும் மூன்றாம் நிலைக்கும் இடையில் தடுக்கிறது. இரண்டாம் வகை நீரிழிவும் சிறுநீரகப் பாதிப்பும் உள்ள 317 பேரிடம் ஓராண்டு நடந்து 2012 இல் வெளியான ஆய்வில், அது சிறுநீரகத்தைக் காத்ததாகத் தெரியவில்லை. வைட்டமின் பி1 இலிருந்து உருவாக்கப்பட்ட பென்ஃபோதியமின், தீங்கான வழியில் செல்லும் சர்க்கரைச் சிதைபொருள்களை வேறு வழியில் திருப்பிவிடுகிறது. விலங்குகளில் கிடைத்த பலன் மனிதர்களில் அதே அளவில் கிடைக்கவில்லை. ஆஸ்பிரின், லைசின் மீது தானே அமர்ந்து சர்க்கரைக்கு இடமில்லாமல் செய்கிறது என்பது ஆய்வகக் குழாயில் கண்ட உண்மை. ஆயினும் கண்புரையைத் தடுப்பதற்காக எவரும் ஆஸ்பிரின் உட்கொள்ளக் கூடாது. அது இரைப்பையில் இரத்தக் கசிவை உண்டாக்கலாம். மாரடைப்பு வந்தவர்கள் போன்றோருக்கு மருத்துவர் தரும் ஆஸ்பிரின் வேறு காரணத்துக்கானது. அதை நிறுத்திவிடாதீர்கள். உண்டான பிணைப்புகளை அறுக்கும் நோக்கில் உருவாக்கப்பட்ட அலாஜீபிரியம் என்ற மருந்து, இரத்தக் குழாய்களின் விறைப்பைச் சிறிது குறைத்ததாகத் தொடக்க ஆய்வுகள் கூறின. ஆனால் அதை உருவாக்கிய நிறுவனம் நிதிப் பற்றாக்குறையால் பணியைத் தொடரவில்லை.

உங்களிடம் ஏற்கெனவே உள்ள தடுப்பு மருந்து

அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் உங்களுக்குத் தரப்படும் மெட்ஃபார்மின், வேதியியல் முறையில் அமினோகுவானிடினின் உறவுக்காரர். இரண்டும் குவானிடின் என்ற அமைப்பைக் கொண்டவை. மெட்ஃபார்மினும் மெத்தில்கிளையாக்சாலை ஓரளவு பிணைத்துக்கொள்கிறது. எனினும் அதன் பெரும் பயன் அந்த வழியில் வருவதன்று. கல்லீரல் தேவையின்றிச் சர்க்கரையை உற்பத்தி செய்வதைக் குறைத்து, ஒட்டுவதற்கான சர்க்கரையையே குறைப்பதால் வருவது. எல்லா ஆய்வுகளையும் ஒருங்கே வைத்துப் பார்க்கும்போது மனிதர்களில் உறுதிப்பட்ட வழி இதுவே: முதற்படியிலேயே தடுத்தல்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் முதல் வகை நீரிழிவு நோயாளிகள் 1,441 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு 1993 இல் வெளியாயிற்று. சராசரி எச்பிஏ1சி 9 விழுக்காட்டளவில் இருந்தவர்களையும் 7 விழுக்காட்டளவுக்குக் குறைத்தவர்களையும் அது ஒப்பிட்டது. தொடக்கத்தில் விழித்திரைப் பாதிப்பு இல்லாதவர்களில், சர்க்கரையை நன்கு கட்டுப்படுத்தியவர்களுக்கு அப்பாதிப்பு தோன்றும் வாய்ப்பு 76 விழுக்காடு குறைந்தது. பின்னர் அவர்களுள் சிலரின் தோலில் சிறு துண்டு எடுத்துச் சோதித்தபோது, கட்டுப்பாட்டில் இருந்தவர்களின் கொலாஜனில் சர்க்கரை ஒட்டலும் ஏஜிஇ அளவும் குறைவாகவே இருந்தன. இங்கிலாந்தில் இரண்டாம் வகை நோயாளிகளிடம் நடந்து 1998 இல் வெளியான ஆய்வில், எச்பிஏ1சி 7.9 இலிருந்து 7.0 ஆகக் குறைந்ததே கண், சிறுநீரகம் உள்ளிட்ட நுண்குழாய்ப் பாதிப்புகளைக் கால் பங்கு குறைக்கப் போதுமானதாக இருந்தது. இரு ஆய்வுகளிலும் தொடக்க ஆண்டுகளில் கிடைத்த கட்டுப்பாட்டின் நன்மை, ஆய்வு முடிந்து பல ஆண்டுகளுக்குப் பின்னரும் தொடர்ந்தது. தொடக்க ஆண்டுகளின் அலட்சியமும் அதே போல் தொடரும். நோய் கண்டறியப்பட்டதும் 'இப்போது ஒன்றும் தொந்தரவு இல்லையே' என்று மருந்தைத் தள்ளிப்போடுவது அதனால்தான் தவறு.

பெரும்பாலானோருக்கு எச்பிஏ1சி 7 விழுக்காட்டுக்குக் கீழ் இருப்பது இலக்கு. முதியோருக்கும், அடிக்கடி சர்க்கரை தாழ்ந்து போவோருக்கும் மருத்துவர் இதைச் சற்றுத் தளர்த்தி நிர்ணயிப்பார். விரைந்து குறைக்க வேண்டும் என்று மாத்திரையை நீங்களே கூட்டிக்கொள்ளாதீர்கள். குறைந்த சர்க்கரை, உயர்ந்த சர்க்கரையைவிட விரைவாக உயிருக்கு ஆபத்தாகும். இரத்தசோகை, அண்மையில் இரத்தம் ஏற்றியது, கர்ப்பம் ஆகியவை இருந்தால் எச்பிஏ1சி எண் தவறாக வரலாம். பரிசோதனைக்கு முன் மருத்துவரிடம் கூறுங்கள். மெட்ஃபார்மினை நெடுங்காலம் உட்கொள்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறையக்கூடும். கால் எரிச்சலும் மதமதப்பும் மிகுந்தால் அந்த அளவையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகச் செயல்பாடு குறைந்தவர்களுக்கு மெட்ஃபார்மின் அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ வேண்டியிருக்கும். ஆகவே ஆண்டுக்கு ஒருமுறையேனும் கிரியேட்டினின் பரிசோதனை தேவை.

சிறுநீரில் புரதம் வெளியேறுவோருக்கு, அமினோகுவானிடின் தரத் தவறிய பாதுகாப்பை எனலாபிரில், லோசார்டன் போன்ற இரத்த அழுத்த மருந்துகள் ஓரளவு தருகின்றன. இவை சர்க்கரை ஒட்டலைத் தடுப்பவை அல்ல. சிறுநீரக வடிகட்டியின் உள்ளழுத்தத்தைக் குறைப்பவை. 'எனக்கு இரத்த அழுத்தம் அதிகமில்லையே, இந்த மாத்திரை எதற்கு' என்று எண்ணி நிறுத்திவிடும் நோயாளிகள் பலர் உள்ளனர். எதற்காகத் தரப்பட்டது என்பதை மருத்துவரிடம் கேட்டறியுங்கள்.

உணவின் வழியாக உட்செல்லும் ஏஜிஇ

ஏஜிஇ உடலுக்குள் மட்டும் உருவாவதில்லை. வறுத்தல், பொரித்தல், சுடுதல் ஆகிய உலர்வெப்பச் சமையலில் உணவிலேயே அதிகமாக உருவாகிறது. அதில் ஒரு பகுதி குடல் வழியே இரத்தத்தை அடைகிறது. நீரில் வேகவைத்தலிலும் ஆவியில் வேகவைத்தலிலும் இது குறைவு. சென்னையிலுள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை, உடல் எடை மிகுந்த, நீரிழிவு இல்லாத 38 பேரிடம் இதை ஆராய்ந்தது. ஒரே நபர் 12 வாரங்கள் ஏஜிஇ குறைந்த உணவையும், மற்றொரு 12 வாரங்கள் ஏஜிஇ மிகுந்த உணவையும் உண்டார். 2024 இல் வெளியான முடிவின்படி, ஏஜிஇ குறைந்த உணவை உண்ட காலத்தில் இன்சுலின் செயல்பாடு மேம்பட்டது. இரத்தத்தில் ஏஜிஇ அளவும் அழற்சிக் குறியீடுகளும் குறைந்தன. பங்கேற்றவர்கள் சிலரே என்பதையும், நீரிழிவு நோயாளிகளின் கண்ணும் சிறுநீரகமும் இதனால் காக்கப்படுமா என்பதை இந்த ஆய்வு சோதிக்கவில்லை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். எனினும் செலவும் தீங்கும் இல்லாத ஒரு மாற்றத்தைத் தொடங்க இது போதிய காரணம்.

இவ்வகையில் நம் சமையலறை நமக்குச் சாதகமானது. மந்தாரை இலை வைத்த குடலையில் ஆவியில் வேகும் காஞ்சிபுரம் இட்லி, இடியாப்பம், கொழுக்கட்டை, சுண்டல், கூட்டு, குழம்பு மீன் ஆகியவை ஏஜிஇ குறைந்தவை. அதே மீனை வறுத்தாலும், அதே பருப்பை வடையாகப் பொரித்தாலும் அளவு பல மடங்கு உயரும். இறைச்சி சமைக்கும் முன் எலுமிச்சைச் சாற்றிலோ புளிப்பிலோ ஊறவைத்தால் ஏஜிஇ உருவாவது குறைகிறது. இங்கே ஒரு தவறான புரிதலைத் தவிர்க்க வேண்டும். ஆவியில் வெந்தது என்பதற்காக இட்லியை எண்ணிக்கையின்றி உண்ணக் கூடாது. அரிசி மாவு குளுக்கோஸாக மாறி, உடலுக்குள் நடக்கும் ஒட்டலுக்கு மூலப்பொருளாகும். எண்ணிக்கையைக் குறைத்து, சாம்பாரிலும் கூட்டிலும் பருப்பையும் காயையும் கூட்டிக்கொள்ளுங்கள்.

பீடி, சிகரெட் புகையிலும் புரதங்களோடு வினைபுரிந்து ஏஜிஇ உண்டாக்கும் பொருள்கள் உள்ளன. புகைப்பவர்களின் கண் வில்லையிலும் இரத்தக் குழாய்ச் சுவரிலும் ஏஜிஇ அதிகமாக இருப்பது கண்டறியப்பட்டுள்ளது.

மூலிகைகளும் கடை மாத்திரைகளும்

மஞ்சள், இலவங்கப்பட்டை, நெல்லிக்காய், பச்சைத் தேயிலை எனப் பலவற்றின் சாறுகள் ஆய்வகக் குழாயில் கிளைக்கேஷனைத் தடுக்கின்றன. இதில் ஐயமில்லை. குழாயில் இடப்படும் செறிவு இரத்தத்தில் கிடைப்பதில்லை என்பதே சிக்கல். மஞ்சளிலுள்ள குர்குமின் குடலிலிருந்து மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. சமையலில் இவற்றைத் தாராளமாகச் சேர்த்துக்கொள்ளலாம். மருந்துக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. சித்த மருத்துவ முறையைப் பின்பற்ற விரும்பினால், தகுதி பெற்ற அரசு சித்த மருத்துவரை அணுகி, உட்கொண்டு வரும் ஆங்கில மருந்துகளின் சீட்டையும் அவரிடம் காட்டுங்கள். இரண்டும் சேர்ந்து சர்க்கரையை மிகையாகத் தாழ்த்திவிடக்கூடும்.

வைட்டமின் தானே, தீங்கு செய்யாது என்ற எண்ணமும் சரியன்று. வைட்டமின் பி6 மாத்திரையை அதிக அளவில் மாதக்கணக்கில் உட்கொண்டால் கால்நரம்புகள் பாதிக்கப்பட்டு மதமதப்பு உண்டாகும். நீரிழிவின் நரம்புப் பாதிப்பும் அப்படியே தோன்றும் என்பதால், எது எதனால் என்று பிரித்தறிவது கடினமாகிவிடும்.

தறியில் அமர்பவர்களுக்கும் அவர்களைக் கவனிப்பவர்களுக்கும்

வணங்கும் கை அறிகுறி உங்களிடம் இருந்தால் முதலில் செய்ய வேண்டியது எச்பிஏ1சி, சிறுநீரில் புரதம், விழித்திரை ஆகிய மூன்றையும் பரிசோதிப்பது. இறுகிய விரல்களுக்கு நாள்தோறும் நீட்டிப் பயிற்சி தேவை. வெதுவெதுப்பான நீரில் கைகளைச் சற்று நேரம் வைத்த பின், ஒவ்வொரு விரலையும் மறுகையால் மெல்லப் பின்னோக்கி நீட்டி, வலி தோன்றும் முன் நிறுத்துங்கள். நீரின் வெப்பத்தை வீட்டிலுள்ள வேறொருவர் தொட்டுப் பார்க்கட்டும். உணர்ச்சி குறைந்த கைக்குச் சூடு தெரியாது. பூட்டிக்கொள்ளும் விரலுக்கும் உறைந்த தோளுக்கும் சிகிச்சை உண்டு. அவற்றுக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் சில நாட்கள் சர்க்கரை உயரும். நீரிழிவு இருப்பதை ஊசி போடும் மருத்துவரிடம் மறவாமல் கூறுங்கள்.

குழித்தறியில் கால்கள் நாள் முழுதும் பள்ளத்துக்குள் இருக்கும். மிதிகட்டையில் பட்ட சிராய்ப்போ, குத்திய சிம்போ உணர்ச்சி குறைந்த காலுக்குத் தெரிவதில்லை. பார்வையும் மங்கியிருந்தால் கண்ணுக்கும் தெரிவதில்லை. எனவே இரவில் பாதங்களையும் விரல் இடுக்குகளையும் வீட்டிலுள்ள ஒருவர் விளக்கொளியில் பார்ப்பதை வழக்கமாக்குங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை தறியை விட்டு எழுந்து சில நிமிடங்கள் நடப்பது சர்க்கரையைக் குறைப்பதற்கும் உதவும்.

நெசவாளர்கள் பெரும்பாலும் 'இழை தெரியவில்லை' என்று கூறியே கண் மருத்துவரிடம் வருகின்றனர். அது கண்புரையாக இருந்தால் அறுவை சிகிச்சை மூலம் பார்வை திரும்பும். அரசு மருத்துவமனைகளில் இது கட்டணமின்றிச் செய்யப்படுகிறது. விழித்திரைப் பாதிப்பாக இருந்தால், இழந்த பார்வை முழுமையாகத் திரும்புவது அரிது. பார்வை நன்றாக இருக்கும்போதே ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைப் பரிசோதிக்க வேண்டும் என்று வலியுறுத்துவது இதனால்தான்.

2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின் கீழ் நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்குமான மாத்திரைகள் வீட்டுக்கே கொண்டுவந்து தரப்படுகின்றன. மாத்திரை வீட்டுக்கு வருகிறது என்பதற்காகப் பரிசோதனைகளுக்குச் செல்வதை நிறுத்திவிடாதீர்கள். ஐயங்களுக்கு 104 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் பேசலாம். திடீரென ஒரு கண்ணில் பார்வை மறைந்தாலோ, கண் முன் கரும்புள்ளிகள் மழைபோல் தோன்றினாலோ, பாதத்தில் புண் கறுத்தாலோ நாற்றம் வீசினாலோ அடுத்த வருகை நாள் வரை காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுத்து, 15 நிமிடத்தில் தெளியாவிட்டால் மீண்டும் ஒருமுறை கொடுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் 108 ஐ அழையுங்கள்.